எட்டிப் பார்க்க வந்தவன் வீட்டை இடித்த கதை

பைத்தான் நிரல்மொழியின் 3.8 பதிப்பில் ஷேர்டு மெமரி, அதாவது தனித்தனியாக ஓடும் நிரல்கள் (ப்ராசஸ்கள்) ஒரே நினைவகத்தைப் பகிரும் வசதி, வந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். கேமரா ஃபிரேம்களை ஒரு ப்ராசஸ் எழுதும், தனியாக ஓடும் இன்னொரு ஸ்கிரிப்ட் படிக்கும், நடுவில் காப்பி கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

படிக்கிற ஸ்கிரிப்டை நிறுத்தினேன். திரும்ப ஓட்டினால் 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'. எழுதுகிறவன் பாட்டுக்கு எழுதிக்கொண்டே இருக்கிறான், ஆனால் லினக்ஸில் அந்த நினைவகத்தின் பெயர் இருக்கும் டெவ்-எஸ்ஹெச்எம் ஃபோல்டரில் எல்எஸ் போட்டுப் பட்டியலைப் பார்த்தால் அந்தப் பெயரையே காணோம்! விட்டுப்போன நினைவகத்தைச் சுத்தம் செய்ய, ரிசோர்ஸ் டிராக்கர் என்று பைத்தானின் ஒரு புண்ணியவான் பின்னால் ஓடுகிறான். சும்மா இணைந்த ப்ராசஸையும் சொந்தக்காரன் என்று பதிந்துகொள்கிறான். அந்த ப்ராசஸ் முடிந்ததும் "லீக் ஆகிவிட்டது", அதாவது நினைவகத்தை விடுவிக்கவில்லை என்று வார்னிங் கொடுத்துவிட்டு, பெயரை அழித்துவிடுகிறான். யாருடா உன்னைக் கூப்பிட்டது?

இணைந்த கையோடு அன்ரிஜிஸ்டர் போட்டு, அந்தப் பதிவை நீக்கி, அவன் வாயை அடைத்தேன். அதற்கும் அண்டர்ஸ்கோரில் தொடங்கும் உள் பெயரைத் தோண்டி எடுக்க வேண்டும். அசிங்கம்தான், வேறு வழி? பைத்தான் 3.13-இல்தான் இந்தப் பதிவையே நிறுத்த 'டிராக்' என்று ஒரு ஆப்ஷன் தந்தார்கள். எங்கள் சர்வரில் இருப்பது 3.10.

சரி, தீர்ந்தது என்று டாக்கருக்குள் (நிரலைத் தனிப் பெட்டியில் அடைத்து ஓட்டும் கருவி) தூக்கிப் போட்டேன். ஃபிரேம்களை வைக்கும் நாலாவது பஃபரில் பஸ் எரர் என்ற நினைவகப் பிழை; எங்கே உடைந்தது என்று காட்டும் டிரேஸ்பேக் கூட இல்லாமல் செத்தது. அங்கே ஷேர்டு மெமரிக்கு டீஃபால்ட் 64 எம்பிதானாம். உருவாக்கும்போது வாயைத் திறக்காது, எழுதும்போதுதான் கொல்லும்.

ஒரு சாதாரண ஃபைலில் எழுதிப் படித்திருந்தால் வெள்ளிக்கிழமையே வீட்டுக்குப் போயிருப்பேன்.