இவன் எங்கே போயிடப் போறான்?

"வேட்பாளரைத் தலைமை அறிவித்துவிட்டது, இனி தலைமையின் முடிவே நம் முடிவு" என்று குரூப்பில் ஒருத்தர் போட்டார். கீழே மூன்று பூங்கொத்து. வரிசையாகக் கும்பிடு விழுந்தது. நான் போடவில்லை. பத்து நிமிஷத்தில் ஃபோன் வந்தது.

"என்னண்ணே, வருத்தமா?"

வருத்தமெல்லாம் இல்லை தம்பி. வயிறு எரிகிறது.

கட்சி எது, தொகுதி எது என்று கேட்காதீர்கள். எந்தக் கொடியை நட்டு வைத்துப் பார்த்தாலும் இந்தக் கதை பொருந்தும். அதுதான் இதில் பெரிய கேவலமே.

எங்கள் ஒன்றியச் செயலாளரை அண்ணன் என்றே சொல்லிக்கொள்கிறேன். இருபத்தாறு வருஷமாகக் கட்சிக்காரர். காண்ட்ராக்டே எடுக்காத உத்தமர் என்று புளுக மாட்டேன். எடுத்தார், ஒரு தரைப்பாலம். அது இன்னும் நிற்கிறது, அதுவே எங்கள் பக்கத்தில் அதிசயம். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த வீட்டில் பிரசவ வலி என்றாலும் அவர் வண்டிதான் போகும். கட்சி தோற்று, கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடிக்கக்கூட நாதி இல்லாமல் கிடந்த காலத்திலும் மாசாமாசம் கூட்டம் போட்டவர். ஏழு பேர் வருவோம். ஏழு பேருக்கும் வடை வாங்கித் தருவார்.

அவருக்காக இந்த முறை சீட் கேட்டு விருப்ப மனு கட்டினோம். கிளைக்குக் கிளை ஐந்நூறு, ஆயிரம் என்று சேர்த்த பணம். டீக்கடைக்காரர் இருநூறு கொடுத்தார், அவர் எங்கள் கட்சிகூட இல்லை. வேன் பிடித்துப் பதினெட்டு பேர் சென்னைக்குப் போனோம். நேர்காணல் நாலு நிமிஷம். வெளியே வந்தவரைச் சுற்றிக்கொண்டு என்னண்ணே கேட்டாங்க என்றோம்.

"எவ்வளவு செலவு பண்ண முடியும்னு கேட்டாங்க."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்ப்பா."

சட்டமன்ற வேட்பாளர் செலவுக்குத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கும் உச்சவரம்பு 40 லட்சம். அண்ணன் வெள்ளந்தியாக அந்தக் கணக்கையே சொல்லியிருக்கிறார். உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களாம். திரும்பி வரும்போது செங்கல்பட்டு தாண்டும் வரைக்கும் வேனில் ஒருத்தரும் பேசவில்லை.

சீட் யாருக்குப் போனது தெரியுமா? கட்சிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத ஆளுக்கு. 2021 தேர்தலில் எதிர்க் கட்சியின் தேர்தல் பொறுப்பாளராக எங்கள் ஒன்றியத்தில் சுற்றிய அதே ஆள். வாக்குப்பதிவு அன்றைக்கு, வாக்குச்சாவடியிலிருந்து இருநூறு மீட்டருக்குள் அவர்கள் மேஜை போட்டிருக்கிறார்கள் என்று எங்கள் பையன்கள் கேட்கப் போக, வாய்த்தகராறு தள்ளுமுள்ளு ஆனது. அவர் சொந்தக்காரர் ஒருத்தர் புகார் கொடுத்தார். ஆபாசத் திட்டு, அடிதடி, மிரட்டல் என்று 294(பி), 323, 506 பிரிவுகளில் போலீஸ் அப்போது வழக்கமாகப் போட்ட மாலையைக் கோத்து எங்கள் பையன்கள் நாலு பேர் கழுத்தில் போட்டது. வழக்கு இன்னும் ஓடுகிறது. திங்கட்கிழமை காலையில் வாய்தாவுக்குக் கோர்ட் வாசலில் நிற்கப் போகிறவன், சாயங்காலம் அந்த மனுஷனின் பிரசார வேனுக்கு முன்னால் கொடி பிடித்து ஆடவேண்டும். ஆடுவான். அந்தப் பையனை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, இங்கேயும் இப்படித்தான். 2008இல் ஹிலாரி கிளின்டன் ஒபாமாவிடம் தோற்றதும் அவங்க ஆளுங்க அழுதாங்க. ஜூன் மாசம் அவங்களே மேடையேறி ஒபாமாவுக்கு வேலை செய்யுங்கன்னு சொல்லிட்டாங்க. 2016இல் அதே ஹிலாரிக்கு பெர்னி சாண்டர்ஸ் ஆதரவு கொடுத்தார்" என்று பாடம் எடுத்தான். மாப்ள, அங்கே மாகாணம் மாகாணமாகத் தேர்தல் வைத்து, கட்சிக்காரன் ஓட்டுப் போட்டு, எண்ணிப் பார்த்து, அப்புறம் தோற்றார்கள். அண்ணன் எத்தனை ஓட்டில் தோற்றார், சொல்லு பார்ப்போம்? எங்களை யாராவது கேட்டார்களா? ஒன்றியத்தில் இருக்கும் உறுப்பினர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, ரெண்டு பேரில் யார் வேண்டும் என்று கைதூக்கச் சொல்லியிருந்தால், தோற்ற பிறகு நான் வாயைத் திறந்திருப்பேனா? காங்கிரஸ் கட்சி 2014 மக்களவைத் தேர்தலில் ஏதோ கொஞ்சம் தொகுதிகளில் மட்டும் அந்த மாதிரி வைத்துப் பார்த்தது. அதோடு ஏறக்கட்டியாயிற்று. வேட்பாளரைக் கட்சிக்காரன் தேர்ந்தெடுக்கணும் என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை.

என்ன சட்டம் இருக்கிறது என்றால், பி படிவம். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் தாள். மனுத்தாக்கல் கடைசி நாள் மதியம் மூன்று மணிக்குள் தேர்தல் நடத்தும் அலுவலர் மேஜைக்குப் போய்ச் சேரவேண்டும். அதில் கையெழுத்து பேனா மையில் இருக்கணும், ரப்பர் ஸ்டாம்பு செல்லாது. அந்த ஒரு கையெழுத்துக்கு இருக்கும் மரியாதை இருபத்தாறு வருஷத்துக்கு இல்லை.

பட்டியல் வந்த ராத்திரியே அண்ணன் வீட்டு முற்றத்தில் அறுபது, எழுபது பேர் கூடிவிட்டோம். சுயேச்சையா நில்லுண்ணே என்று ஒரே சத்தம். முன்மொழியப் பத்துப் பேர் வேணும், நூறு பேர் இருக்கோம். டெபாசிட் பத்தாயிரம், நான் கட்டுறேன், நீ கட்டுறே. அண்ணன் பதிலே சொல்லவில்லை. அவர் சம்சாரம்தான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ராமநாதபுரத்துல ஓபிஎஸ்ஸு நின்னாரே, பார்த்தீங்கல்ல" என்றார். 2024இல் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வமே சுயேச்சையாகப் பலாப்பழம் சின்னத்தில் நின்றார். அதே பெயர் கொண்ட இன்னும் சில பன்னீர்செல்வங்களும் பட்டியலில் நின்றார்கள். தோற்றார். மூன்று முறை முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கே அந்தக் கதி என்றால், ஒன்றியச் செயலாளர் எம்மாத்திரம்? முற்றத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் மெதுவாக வேறு பேச்சு ஆரம்பித்தது. குசுகுசு. "நிக்க வேணாம்ண்ணே, உள்ளடி பண்ணிருவோம். பூத்துல ஆள் உட்கார வேணாம். சிலிப்பு கொடுக்க வேணாம். நம்ம தெருவுல மட்டும் சும்மா இருந்தாலே போதும், ஆள் காலி."

இந்த இடத்தில்தான் எனக்கு எங்கள் ஆட்கள் மேலேயே கோபம் வந்தது. சும்மா இருப்பது ஒன்றும் சின்ன விஷயமில்லை. 2016இல் ராதாபுரம் 49 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது. அதே தேர்தலில் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோற்றார். 2021இல் தியாகராய நகர் 137. ஒரு தொகுதியில் இருநூற்றைம்பது, முந்நூறு பூத் இருக்கும். 49 ஓட்டு என்றால் ஐந்தாறு பூத்துக்கு ஒரு ஓட்டு. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்ட ஒரு குடும்பம், அவ்வளவுதான். தோற்ற பிறகு ஐந்து வருஷம் யார் அனுபவிப்பது? சீட் வாங்கியவர் அடுத்த கட்சிக்குப் போய்விடுவார், அவருக்கு வழி தெரியும். முதியோர் உதவித்தொகைக்கு அலைகிற கிழவியைத் தாலுகா ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய் நிற்கப் போவது நான்தானே?

உள்ளடி எங்கே கொண்டுபோய் விடும் என்று 2022 மார்ச்சில் ஊரே பார்த்தது. நகராட்சி, பேரூராட்சித் தலைவர் பதவிகளில் கூட்டணிக்கு ஒதுக்கிய இடங்களில் தி.மு.க.வினரே போட்டி போட்டு ஜெயித்துவிட, மு.க.ஸ்டாலினே ராஜினாமா செய்யுங்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட வேண்டியதாயிற்று. அப்போது நானும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'கட்டுப்பாடு இல்லாத பயலுக' என்று வாய் கிழியப் பேசினேன். இன்றைக்கு அந்தப் பயல்களின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. ஆனாலும் அதைச் செய்ய எனக்கு மனசு வராது.

வேட்பாளர் நேற்று வீட்டுக்கு வந்தார். மரியாதை நிமித்தமாம். நாலு கார். கொண்டுவந்த சால்வையை எனக்குப் போர்த்தினார், அதில் இன்னும் விலைச் சீட்டு தொங்கியது. என் பெயர் தெரியவில்லை, பக்கத்திலிருந்தவர் காதில் சொன்னார். "நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார். அரை டீ குடித்தார். என் சம்சாரம் உள்ளே பாத்திரத்தை வைத்த சத்தத்திலேயே அவள் மனநிலை தெரிந்தது. பழைய வழக்கைப் பற்றிப் பேசலாம் என்று நான் தொண்டையைக் கனைப்பதற்குள் எழுந்துவிட்டார். செருப்பு மாட்டும்போது அவர் கூட வந்த ஒருத்தர் மெதுவாகத்தான் கேட்டார், இவர் எப்படி, வேலை செய்வாரா என்று. எங்கள் ஊர்க்காரனே பதில் சொன்னான்:

"இவரா? இவரு எங்கண்ணே போயிடப் போறாரு."

எனக்குக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னானோ என்னவோ.

இந்த வார்த்தைதான். சீட் போனதைவிட, வழக்கைவிட, நாலு நிமிஷ நேர்காணலைவிட இதுதான் குடைகிறது. இவன் எங்கே போயிடப் போறான் என்ற தைரியத்தில்தானே எங்களைக் கேட்காமல் பட்டியல் போடுகிறார்கள்? பக்கத்துக் கட்சியிலிருந்து வருகிறவனுக்குச் சீட், மாவட்டப் பொறுப்பு, மேடையில் நாற்காலி. அவன் போய்விடுவானே என்ற பயம். போகாதவனுக்குத் துண்டு. துண்டும் அவனே வாங்கிக்கொண்டு போகணும். அண்ணன் மட்டும் போன வருஷம் ஒரு தடவை முறைத்துக்கொண்டு எதிர்க் கட்சி மேடையில் ஏறிவிட்டுத் திரும்பி வந்திருந்தால், இன்றைக்குச் சீட் அவருக்குத்தான். பந்தயம் கட்டுகிறேன்.

அவர்கள் சொல்வது உண்மை என்பதுதான் இன்னும் எரிகிறது. நான் எங்கேயும் போகப் போவதில்லை. ஓட்டு அந்தச் சின்னத்துக்குத்தான். பூத் ஏஜென்டாக விடியற்காலையில் போய் உட்காருவேன், மாதிரி வாக்குப்பதிவு பார்ப்பேன், சாயங்காலம் எத்தனை ஓட்டு விழுந்தது என்று 17சி படிவத்தில் கணக்கு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருப்பேன். இதைச் செய்யாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, அது என் வியாதி. ஆனால் வேனில் ஏற மாட்டேன். 'எங்கள் அண்ணன், ஏழைகளின் விடிவெள்ளி' என்று மைக்கில் கத்த மாட்டேன். குரூப்பில் பூங்கொத்துக்குக் கும்பிடு போட மாட்டேன். இதற்குத் துரோகி என்று பெயர் வைத்தால், வைத்தவன் முதலில் பூத் சிலிப்பை எடுத்துக்கொண்டு என்னோடு நாலு தெரு வரட்டும்.

தெரு என்றதும் நேற்றுச் சாயங்காலம் நடந்தது ஞாபகம் வருகிறது. கிழக்குத் தெருவில் ஒரு ஆத்தா, எண்பது வயசிருக்கும், திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தது. நோட்டீஸைக் கொடுத்தேன். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தது.

"ஏன்யா, போன தடவ இவன் பேச்சைக் கேட்டு ஓட்டப் போட்றாதன்னு நீதானய்யா வந்து சொன்ன?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எல்லாரும் சொல்கிற அதையே நானும் சொன்னேன். "ஆளைப் பார்க்காதீங்கத்தா. சின்னத்தைப் பாருங்க."

"சின்னத்த எங்கிட்டுப் பார்க்க? இவன் மூஞ்சியில்ல தாள் பூராம் இருக்கு."

நோட்டீஸை வாங்கிப் பார்த்தேன். நிஜம்தான். சின்னம் மூலையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் கிடந்தது.

இன்றைக்குக் காலையில் சுவர். பஸ் ஸ்டாப் எதிரில் இருக்கும் அந்தச் சுவருக்கு வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கி, ஜனவரியிலேயே வெள்ளையடித்து, நாங்களே சின்னம் போட்டு வைத்திருந்தோம். பெயர் எழுத மட்டும் இடம் விட்டிருந்தது. பெயின்டர் ஒரு நம்பிக்கையில் அண்ணன் பெயரைச் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார், நாலே எழுத்து. ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட்டுப் புதுப் பெயர் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனிஷியல், முன்னால் ஒரு பட்டம், பின்னால் ஒரு படிப்பு. விரலால் சாண் போட்டு அளந்தார், மறுபடி அளந்தார்.

"இடம் பத்தாதுண்ணே. சின்னத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கிரட்டுமா?"

"சின்னத்துல கைய வச்சே, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றேன். ரோட்டில் போனவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.