காய்ச்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போம்மா

டெங்குக் காய்ச்சல் கணக்கெடுக்க வந்த மாநகராட்சிப் பெண்ணை வாசலிலேயே மடக்கித் திருப்பி அனுப்புகிற அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் யாராவது மீதி இருக்கிறீர்களா? மூன்று நாட்களாக எந்தக் குழுவைத் திறந்தாலும் அதுதான். கூடவே "உங்கள் குடியிருப்புதானே?" என்று ஒரு கேள்வி. ஆமாம், எங்கள் குடியிருப்புதான். அந்த இரும்புக் கதவு எங்கள் கதவுதான், அந்தக் குரல் எங்கள் சங்கச் செயலாளருடையதுதான். அதைப் படமெடுத்து, 'சட்டம் பேசித் திருப்பி அனுப்பினோம்' என்று பெருமையாகப் போட்டதும் எங்கள் ஆட்கள்தான்.

எல்லோரும் செயலாளர் மரியாதையில்லாமல் பேசியதைப் பற்றியே எழுதுகிறீர்கள். அது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் என்னை மூன்று நாட்களாகத் தூங்கவிடாதது கடைசியில் வருகிற ஒரு வரி. "எங்கள் பிளாக்குகளில் யாருக்கும் காய்ச்சல் இல்லை, அப்படியே எழுதிக்கொண்டு போம்மா." அந்தப் பெண்ணும் எழுதிக்கொண்டார். வேறென்ன செய்வார்? அவருக்கு அன்றைக்கு முடிக்க வேண்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ.

அதே நேரத்தில் சி பிளாக் குழந்தைகள் இருவர் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறிக் கிடந்தார்கள். ரத்தத் தட்டணு எவ்வளவு இறங்கியது என்பது லிஃப்டில் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். பப்பாளி இலை எங்கே கிடைக்கும் என்று சங்கக் குழுவிலேயே கேட்டார்கள். மூன்று பேர் நிலவேம்புக் குடிநீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த மூவரில் ஒருவர் செயலாளர்.

ஆக, எங்களுக்குள் தெரியலாம். கணக்கில் மட்டும் ஏறக்கூடாது. வீடு விற்க வைத்திருப்பவர்களுக்கு விலை இறங்கிவிடுமாம், வாடகைக்கு ஆள் வர யோசிப்பார்களாம்.

'காய்ச்சல் இல்லை' என்று கணக்கில் விழுகிற ஒரு சுழி, ஒரு பூஜ்யம், என்ன செய்யும் என்று யாராவது யோசித்தீர்களா? டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு ஊர் விட்டு ஊர் பறப்பதில்லை. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டர் போனாலே பெரிது. அதனால்தான் ஒரு வீட்டில் நோய் என்று தெரிந்ததும் அதைச் சுற்றியுள்ள வீடுகளில் பூந்தொட்டித் தட்டு, மொட்டைமாடித் தொட்டி, பிரிட்ஜின் பின்பக்கத் தட்டு என்று டார்ச் அடித்துத் தேடுகிறார்கள். அதன் முட்டை தண்ணீர் வற்றிய பிறகும் தொட்டியின் ஓரத்தில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும். அடுத்த மழைக்குப் பொரிக்கும். இந்தத் தேடல் முழுவதும் தொடங்குவது ஒரு முகவரியிலிருந்து. முகவரியை மறைத்துவிட்டால் தேடுகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். கொசு போகாது. சுழி போட்டுக்கொண்ட கட்டடத்தில் நிம்மதியாக இருக்கும்.

சென்னையில் முகவரி கிடைத்தாலுமே பாடுதான். 426 சதுர கிலோமீட்டர், 200 வார்டுகள். ஒவ்வொரு நகரிலும் ஒரு முதல் குறுக்குத் தெரு, ஒரு இரண்டாவது பிரதான சாலை. போதாததற்குப் பழைய எண், புதிய எண். கூரியர் கொண்டுவருகிறவரே போன் போட்டு "எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் சார்?" என்று கேட்கிற ஊர். நோயாளி வியாசர்பாடிக்காரராக இருப்பார், அடையாறில் மகள் வீட்டு முகவரியைக் கொடுத்து மருத்துவமனையில் சேர்ந்திருப்பார். இந்தக் கொசு கடிப்பதோ பெரும்பாலும் பகலில், அவர் கடிபட்டது கிண்டியில் வேலை பார்க்கிற இடத்திலாக இருக்கலாம். இது தவிர, தனியார் ஆய்வகத்தின் உடனடி அட்டைச் சோதனையில் டெங்கு என்று வந்தாலும் எலிசா என்கிற இன்னொரு ரத்தச் சோதனையில் உறுதியானால்தான் அரசுக் கணக்கில் அது டெங்கு. இத்தனை ஓட்டைகளையும் தாண்டித்தான் ஒரு எண் மேலே போய்ச் சேருகிறது. அதில் நம் பங்குக்கு இன்னொரு ஓட்டையைப் போட்டுவிட்டு, 'மாநகராட்சி என்னதான் செய்கிறது' என்று இதே குழுவில் கேட்கிறோம்.

'இல்லை என்று எழுதிக்கொள்' என்பது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. எய்ட்ஸ் நம் நாட்டில் கிடையாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் தன் மாணவி நிர்மலாவிடம் தேடிப் பார்க்கச் சொன்னார். பாலியல் தொழில் செய்த பெண்களைத் தேடிப் போய் ரத்த மாதிரி எடுத்து, பாதுகாக்க வேறு வசதி இல்லாமல் அந்த மாணவி தன் வீட்டு பிரிட்ஜில் வைத்தார். 1986 பிப்ரவரியில் அவற்றை ஐஸ் பெட்டியில் போட்டு, இரவு ரயிலில் காட்பாடி போய், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. அதன் பிறகுதான் நாட்டுக்கே தெரிந்தது. நல்லவேளை, நிர்மலா எங்கள் குடியிருப்பு வாசலுக்கு வரவில்லை.

சரி, இப்போது கேள்வியோடு வரப்போகிறவர்களுக்கு முன்பே பதில் சொல்லிவிடுகிறேன்.

"மாநகராட்சி ஆள் என்று வேடமிட்டுத் திருடர்கள் வந்தால்?" உணவு கொண்டுவருகிற பையனைப் பெயர்கூடக் கேட்காமல் ஆறாவது மாடி வரை அனுப்புகிறோம். கழுத்தில் அட்டையும் தோளில் மருந்துப் பையும் மாட்டிக்கொண்டு வெயிலில் வருகிற பெண்தான் திருட வருகிறார், சரி.

"நோய் என் அந்தரங்கம்." குழந்தையின் ரத்தப் பரிசோதனைத் தாளை எண்பது பேர் இருக்கிற குழுவில் படம்பிடித்துப் போட்டவர் இதைச் சொல்கிறார். மேலே பேச ஒன்றுமில்லை.

"அரசே கணக்கை மறைக்கவில்லையா?" இதற்கு என்னால் கிண்டலாகப் பதில் சொல்ல முடியாது. 2020 ஜூலை 22 அன்று, விடுபட்டிருந்த 444 கொரோனா மரணங்களைத் தமிழக அரசு ஒரே நாளில் பட்டியலில் சேர்த்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டையும் சுகாதாரத் துறையின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்தான் அவை வெளியே வந்தன. கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அது வெளியே வந்ததே எங்கோ ஒரு பதிவேட்டில் யாரோ ஒருவர் பெயரை ஒழுங்காக எழுதி வைத்திருந்ததால்தானே?

அடுத்து, "சொன்னால் என்ன நடக்கும் என்று பார்த்தோமே" என்பவர்கள். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. அந்தக் கொரோனா வருடம் நோய் வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்தார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள், தெருவே வேறு பக்கம் பார்த்தது. கொரோனாவில் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் கல்லெறிந்த ஊர் இது. காலையில் மண்டல வாரியான எண்ணிக்கை வந்ததும், ராயபுரத்தைக் கோடம்பாக்கம் முந்திவிட்டதா என்று கிரிக்கெட் ஸ்கோர் போலப் பேசியவர்களில் நானும் ஒருவன். பயந்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை.

ஏன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுத நினைத்தது இதை அல்ல, ஆனால் தொடங்கியாகிவிட்டது.

அந்த ஜூலையில் எங்கள் பெரியப்பா வீட்டிலேயே இறந்துபோனார். நான்கு நாள் காய்ச்சல், கடைசி இரவு மூச்சுத் திணறல். இரண்டாம் நாள், வீடு வீடாகக் காய்ச்சல் கேட்டு வருகிற பையன் ஒருவன் வந்தான். முகத்தில் கவசம், கையில் பலகை, வாசல்படிக்குக் கீழேயே நின்றான். "வீட்டில் யாருக்காவது காய்ச்சல், இருமல் உண்டா சார்?" கதவைப் பாதி திறந்து பதில் சொன்னது நான். "யாருக்கும் இல்லை தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்." பெரியப்பா உள்ளறையில் இருமிக்கொண்டிருந்தார். அவனுக்குக் கேட்டிருக்கும். என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, குனிந்து எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

மாரடைப்பு என்று தெரிந்த மருத்துவரிடம் எழுதி வாங்கினோம். அக்கம்பக்கத்தினர் வந்தார்கள், அழுதார்கள், தொட்டார்கள். பாடை தூக்கிய நால்வரில் இருவர் அடுத்த வாரம் காய்ச்சலில் படுத்தார்கள். பிழைத்துக்கொண்டார்கள். அவர்களிடம் இன்றுவரை நாங்கள் எதுவும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவர்களில் ஒருவர் படிக்கக்கூடும்.

அதனால்தான் செயலாளர் மீது எனக்கு இவ்வளவு ஆத்திரம் வருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். சங்கப் பொருளாளர் பொறுப்பிலிருந்து நேற்று விலகிவிட்டேன். அதற்கும், 'ரொம்ப நல்லவர்' என்று சிரிக்கிற பொம்மையோடு ஒரு பதில் வந்திருக்கிறது. நான் நல்லவன் இல்லை. அந்த வாசலில் நின்று அதே வரியைச் சொன்னவன்.

பெரியம்மா இப்போதும் யார் கேட்டாலும் மாரடைப்பு என்றுதான் சொல்கிறார். அவருக்கும் யாரோ அந்தக் காணொளியை அனுப்பிவிட்டார்கள். நேற்று மாலை போயிருந்தபோது போனைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். நோயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இந்தப் பெண் இவ்வளவு நேரம் வெயிலில் நிற்கிறாளே, யாராவது தண்ணீர் கொடுத்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

கொடுக்கவில்லை பெரியம்மா.