ஃபைனல் ஃபேன்டஸி 14 எப்படி மீண்டுச்சு? காசு, கணக்கு, ஒரு பூந்தொட்டி

"அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவாங்க ப்ரோ." கும்பகோணம், மன்னார்குடி பக்கம் எந்த கேமிங் வாட்ஸப் குரூப்பைத் திறந்தாலும் இந்த வரி தவறாம இருக்கும். ஆடுறவன் சொன்னா அது ஆசை, போகட்டும். கேம் செய்யுறவனே இதை நம்பினா என்ன ஆகும்னு பார்க்கணும்னா ஃபைனல் ஃபேன்டஸி 14-ங்கற ஆன்லைன் கேமைப் பாருங்க.

2010 செப்டம்பர் 30-ல ஜப்பான் கம்பெனி ஸ்கொயர் எனிக்ஸ் அதை வெளியிட்டுச்சு. பார்க்க அவ்வளவு அழகு, ஆடத்தான் முடியல. மெனு திறக்கணும்னாலும் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும். ஏலச் சந்தை கிடையாது. விற்பனைக்கு நிக்கிற ஆளுங்களை ஒவ்வொருத்தரா தட்டித் திறந்து, நமக்கு வேண்டிய பொருள் இருக்கான்னு தேடணும். காட்டுல ஒரே பாறை, ஒரே வளைவு திரும்பத் திரும்ப வரும். அதுக்கு மேல, வாரத்துக்கு 8 மணி நேரம் ஒரே தொழில்ல (வாள்வீரன், மந்திரவாதி மாதிரி) ஆடினா, அதுக்கப்புறம் கிடைக்கிற அனுபவப் புள்ளி குறைய ஆரம்பிக்கும். மாசக் கட்டணம் கேட்குற கேம், அதிகம் ஆடாதேன்னு சொன்னா எவன் பொறுப்பான்?

இதைத் தூக்கி நிறுத்தின தயாரிப்பாளர் நவோகி யோஷிதா, 2014 கேம் டெவலப்பர்ஸ் கான்ஃபரன்ஸ்ல தோல்விக்கு மூணு காரணம் சொன்னார். கிராஃபிக்ஸ் மேல அளவுக்கு மீறின மோகம். அந்தக் காலத்து ஆன்லைன் கேம்களைப் பத்தின அறிவு போதாதது. எதுவா இருந்தாலும் அப்புறமா பேட்ச் (திருத்தம்) போட்டுக்கலாம்ங்கற நினைப்பு. முதல் காரணத்துக்கு அவர் காட்டின சாட்சி ஒரு பூந்தொட்டி. அந்த ஒரு தொட்டிக்கு 1,000 பாலிகன் (உருவத்தைக் கட்டுற சின்னச் சின்ன முகங்கள்), 150 வரி ஷேடர் கோடு (ஒளி, நிறம் காட்டுற நிரல்). ஒரு வீரனோட உருவத்துக்கு ஆகுற செலவு அது. தொட்டியே அவ்வளவு சாப்பிட்டா திரையில எத்தனை பேரைக் காட்ட முடியும்? 20 பேர் வரைக்கும்தான் காட்டினாங்க. ஆயிரம் பேர் கூடுற உலகம்னு சொல்லி விற்ற கேம் அது.

இனி மீட்சி. ஸ்கொயர் எனிக்ஸ் தலைவர் பொதுவுல மன்னிப்பு கேட்டார். அதுக்காகத்தான் ரசிகர்கள் திரும்பி வந்தாங்கன்னு நிறைய பேர் எழுதுறாங்க. என் கருத்து வேற. 2010 டிசம்பர்ல ரெண்டு காரியம் நடந்துச்சு: பொறுப்புல இருந்தவர் மாறி யோஷிதா வந்தார், மாசக் கட்டணம் காலவரையில்லாம நின்னுச்சு. 2012 ஜனவரி வரைக்கும் ஒரு வருஷத்துக்கு மேல காசு வாங்கல. பழுதான சரக்குக்குக் காசு வாங்கிக்கிட்டே மன்னிப்பு கேட்டிருந்தா அதுக்கு என்ன மதிப்பு?

அதுக்கு அப்புறம் வேலை ரெண்டு பாதையில போச்சு. ஒரு பக்கம் பழைய கேமுக்கு பேட்ச், இன்னொரு பக்கம் அதே நேரத்துல புது எஞ்சின் (கேமை ஓட்டுற அடிப்படை மென்பொருள்), புது வரைபடம், புது சர்வர் அமைப்பு. குறுவை வயல்ல நிக்கும்போதே தாளடிக்கு நாத்து விடுற கணக்குத்தான். இதுல ஒரு சிக்கல்: பழசுல கை வைக்கிற ஒவ்வொரு ஆளும் புதுசுல குறையுற ஆள். அதனாலதான் பல கம்பெனிங்க பழசை அப்படியே போட்டுட்டு ஓடுறாங்க. யோஷிதா பழசைப் புது யோசனைகளுக்குச் சோதனைக்களமா வெச்சுக்கிட்டார்.

2012 நவம்பர் 11-ல பழைய சர்வரை மூடினாங்க. அதையும் கதைக்குள்ளேயே முடிச்சாங்க: டாலமுட்ங்கற நிலா விழுந்து உலகமே அழியுது. 2013 ஆகஸ்ட் 27-ல 'எ ரெல்ம் ரீபார்ன்'ங்கற பேர்ல புது கேம் வந்தப்ப, பழைய ஆளுங்களோட கதாபாத்திரமும் லெவலும் அப்படியே வந்துச்சு. கேமுக்குள்ள இருந்த பணம் மட்டும் பத்துல ஒண்ணா குறைஞ்சுது. புதுசா வர்றவங்களுக்குப் பழைய பணக்காரங்க இல்லாத தனி உலகங்கள் (சர்வர்கள்). மூணு மாசம் கட்டணம் கட்டி ஆடினவங்களுக்கு மாசக் கட்டணத்துல நிரந்தரச் சலுகை, கேமோட நன்றிப் பெயர்ப் பட்டியல்லயும் இடம். அந்தப் பத்துல ஒண்ணு கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச முடிவு. முழுசா விட்டிருந்தா சந்தை முதல் வாரமே நாசமாயிருக்கும். முழுசா அழிச்சிருந்தா கஷ்டகாலத்துல கூட நின்னவன் திட்டியிருப்பான்.

அப்பவும் எல்லாம் சுமுகமா நடக்கல. கூட்டம் தாங்காம உள்ள நுழையவே முடியல. டிஜிட்டல் விற்பனையையே தற்காலிகமா நிறுத்தினாங்க. 2021 டிசம்பர்ல 'எண்ட்வாக்கர்'ங்கற விரிவாக்கம் வந்தப்பவும் அதே நெரிசல், அதே முடிவு. அந்தத் தடவை மொத்தம் 21 நாள் ஆட்டம் இலவசம்.

பேசிப் பேசித்தான் நம்பிக்கை வரும்னு இல்ல. 'நோ மேன்ஸ் ஸ்கை'ங்கற விண்வெளி கேம் பேசாமலே மீண்டுச்சு. 2016 ஆகஸ்ட்ல ஏகப்பட்ட வாக்குறுதியோட வந்துச்சு. முதல் நாளே ரெண்டு பேர் ஒரே கிரகத்துல ஒரே இடத்துக்குப் போயும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்க முடியல. அதுக்கப்புறம் அதைச் செஞ்ச ஹலோ கேம்ஸ் வாயையே மூடிக்கிச்சு. 2018 ஜூலையில 'நெக்ஸ்ட்' அப்டேட்லதான் முழு மல்டிபிளேயர் (பல பேர் சேர்ந்து ஆடுறது) வந்துச்சு. எல்லாப் பெரிய அப்டேட்டும் இலவசம். மீளாமலே போன 'ஆன்தம்' கேமோட கதையையும் பாருங்க: 2019-ல விழுந்துச்சு, 2020-ல புதுப்பிக்கப் போறோம்னு அறிவிப்பு வந்துச்சு, வேலை பார்த்தது முப்பது பேர் அளவுல ஒரு சின்னக் குழு, 2021 பிப்ரவரியில கைவிட்டாங்க.

தஞ்சாவூர், திருச்சி கல்லூரிகள்ல யூனிட்டி மென்பொருள் வெச்சு ஆன்லைன் கேம் செய்யுற தம்பி தங்கச்சிங்களுக்கு: பாலிகன் அளவை அழகான காட்சியை வெச்சு முடிவு பண்ணாதீங்க. நெரிசலான காட்சியை, உங்ககிட்ட இருக்குற மட்டமான போன்ல ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணுங்க. மெனு போன்லேயே திறக்கட்டும். பொருள் கை மாறும்போது மட்டும் சர்வர் சரி பார்த்தா போதும். சேமிக்கிற தரவுல முதல் நாள்ல இருந்தே பதிப்பு எண் போடுங்க. அது இல்லாம பின்னாடி கதாபாத்திரங்களைப் புது சர்வருக்கு மாத்துறது பெரிய தலைவலி. கேமுக்குள்ள இருக்குற பணத்தைக் குறைக்கப் போறீங்கன்னா விகிதத்தையும் தேதியையும் முன்கூட்டியே சொல்லிடுங்க.

இங்க இருந்து ஃபைனல் ஃபேன்டஸி 14 ஆட முடியுமான்னு கேட்கிறவங்களுக்கு: இந்தியாவுல சர்வர் கிடையாது. ஜப்பான் சர்வர்னா பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகுற நேரம்) நூறு மில்லிசெகண்டைத் தாண்டும். ஆனா பெரும்பாலான தாக்குதலுக்கு நடுவுல 2.5 வினாடி இடைவெளி இருக்கு, அதனால தாங்கும். எதிரி தாக்கப்போற இடத்தைக் காட்டுற வட்டத்துல இருந்து தப்பிக்கும்போது மட்டும், அவனோட மந்திரப் பட்டை நிறையுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே வெளிய வந்துடுங்க. பட்டை முடிஞ்ச நொடியில சர்வர் உங்களை எங்க பார்த்துச்சோ அதுதான் கணக்கு. வைஃபையை விட்டுட்டு கேபிள் போடுங்க. இலவச ட்ரையல்ல லெவல் 70 வரைக்கும் நாள் கணக்கில்லாம ஆடலாம். ஆனா சந்தைப் பலகை (ஆடுறவங்க பொருள் வாங்கி விற்கிற இடம்) கிடையாது, பணமும் 3 லட்சம் கில்லுக்கு (கேமோட நாணயம்) மேல சேராது. அவசரப்பட்டு முழு கேமை வாங்கிடாதீங்க, வாங்கிட்டா அதே கணக்குல மறுபடி ட்ரையலுக்குத் திரும்ப முடியாது.