கடன் என் பேரில் இருக்கிறது, என் தங்கச்சியை எதற்குக் கூப்பிடுகிறீர்கள்?

கடன் வாங்கினேன். கட்ட வேண்டும். டியூ நிற்கிறது என்பதையும் மறைக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "வாங்கும்போது மட்டும் இனிச்சுதா?" என்று கேட்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கும். அந்தக் கேள்வியைத்தான் தினமும் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேட்க வேண்டாம்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்குப் போடும் இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியதில் எங்கள் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் படுத்துவிட்டது. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் ஒரு ஷிப்ட், சில வாரம் அதுவும் முழுசாகக் கிடையாது. சனிக்கிழமை கையில் வாங்கும் சம்பளம் சுருங்கிப்போனது. அப்பா ஆபரேஷனுக்குப் பெர்சனல் லோன் போட்டபோது ஓவர்டைமையும் சேர்த்துத்தான் டியூவுக்குக் கணக்குப் போட்டோம். இந்த ஊரில் எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள், வேறு எப்படிப் போட முடியும்? இதையெல்லாம் லோன் கொடுத்த இடத்துக்கு நேரில் போய்ச் சொன்னேன். பாதித் தொகையாவது வாங்கிக்கொள்ளுங்கள், தவணையை நீட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். "எங்க கையில ஒண்ணும் இல்ல சார், கலெக்‌ஷன் டீமுக்குப் போயிருச்சு" என்றார்கள். அக்கவுண்டில் பணமில்லாமல் டியூ பவுன்ஸ் ஆகும் ஒவ்வொரு தடவையும் 500 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 590 ரூபாய் ஏறும் என்பது மட்டும் அவர்கள் கையில் இருக்கிறது.

அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்தப் போன். ஒரு நம்பரைப் பிளாக் பண்ணினால் இன்னொரு நம்பர். முதலில் "சார்" என்று வரும், இரண்டாவது வாக்கியத்தில் "நீ", அப்புறம் "டே". காலையில் பல் விளக்கும் நேரம், ராத்திரி சாப்பிட உட்காரும் நேரம், கம்பெனியில் மிஷின் ஓடுகிற நேரம். எடுக்காவிட்டால் விடாமல் அடிக்கும். எடுத்தால், "சோத்துல உப்பு போட்டுத்தானே திங்கற?" இதைச் சொன்னவனுக்கு என் பையன் வயசுதான் இருக்கும், குரலை வைத்துச் சொல்கிறேன். அவனுக்கும் மேலே ஒருத்தன் டார்கெட் கொடுத்துக் கழுத்தைப் பிடிக்கிறான், தெரியும். ஆனால் டார்கெட்டுக்காக ஒருத்தன் அம்மாவை இழுத்துப் பேசலாமா?

சரி, என்னைத் திட்டியதைக்கூட விடுங்கள். லோன் போடும்போது ரெஃபரன்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும், இரண்டு நம்பர் எழுதாமல் ஃபாரம் நகராது. "சும்மா ஃபார்மாலிட்டி சார், யாரும் கூப்பிட மாட்டாங்க" என்று சொல்லித்தான் வாங்கினார்கள். ஒன்று தங்கச்சி நம்பர். அவள் ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் இல்லை, இந்தக் காசில் ஒரு ரூபாய் பார்த்தவள் இல்லை. அவளுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவள் அடுப்படியில் இருக்க, போனை எடுத்தது அவள் மாமியார். "உங்க மருமக அண்ணன் ஊரை ஏமாத்திட்டு ஓடிட்டான், எங்கன்னு கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறான். நான் எங்கே ஓடினேன்? அதே வீட்டில், அதே கம்பெனியில், அதே நம்பரோடு இருக்கிறேன். ராத்திரி தங்கச்சி பேசினாள். "அண்ணா, அவரு ஒண்ணும் சொல்லல. அத்தைதான் ரெண்டு தடவ கேட்டுட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பிறந்த வீட்டுப் பேச்சு எந்த நேரத்தில் எப்படித் திரும்பி வரும் என்று தெரிந்துதான் இவர்கள் அங்கே அடிக்கிறார்கள். அவளிடமிருந்து காசு வராது என்று அவர்களுக்கும் தெரியும். மானம் போனால் எங்கேயாவது புரட்டிக் கொண்டுவருவான் என்ற கணக்கு.

புரட்டுவது என்றால் எங்கே? கந்துவட்டிக்காரனிடம்தான். இவன் கொடுக்கிற நெருக்கடி நேராக அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளும். கந்துவட்டியைத் தடுக்க 2003இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன? 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே உயிரை விட்டது. மனு கொடுத்துக் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்த குடும்பம் அது. அதற்குப் பிறகும் இந்த நெருக்கடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் என்னால் முடியாது.

இவ்வளவுக்கும் விதி இல்லாமல் இல்லை. 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொன்னது: நிலுவைக் கடனுக்காகக் காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக் கூடாது. மிரட்டக் கூடாது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது, கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் யாருடைய தனிப்பட்ட வாழ்க்கையிலும் தலையிடக் கூடாது. ரெஃபரன்ஸ் என்ற வார்த்தையே அதில் இருக்கிறது! 2008லேயே இன்னொன்றும் சொன்னார்கள்: ஏஜென்ட் யார், எந்த ஏஜென்சி என்று வங்கி முன்கூட்டியே கடன் வாங்கியவருக்குத் தெரிவிக்க வேண்டும், நேரில் வருகிறவர் அனுமதிக் கடிதமும் அடையாள அட்டையும் கொண்டுவர வேண்டும், பேசுகிற போனைப் பதிவு செய்ய வேண்டும். நான் "உங்க பேரு என்ன, எந்த ஏஜென்சி, லெட்டர் இருக்கா?" என்று கேட்டதற்கு வந்த பதில் கெட்ட வார்த்தை. அதுவும் ரெக்கார்ட் ஆகியிருக்கும் இல்லையா? யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் அந்த ரெக்கார்டை?

குழு லோன் வாங்கிய பெண்களின் நிலைமை இதைவிட மோசம். எங்கள் லைன் வீட்டில் வாரக் கலெக்‌ஷனுக்கு வருகிற ஆள் வாசலிலேயே உட்கார்ந்துவிடுவான், பணம் வரும்வரை எழுந்திருக்க மாட்டான். மற்ற பெண்களை வைத்தே அந்த ஒருத்தியைப் பேச வைப்பான். அந்தக் கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரைதான் நேரம் என்று விதி இருக்கிறது. ஒரு வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போகிற மாதிரி கடன் கொடுக்கவே கூடாது என்றும் இருக்கிறது. கொடுக்கும்போது அந்த விதியை யாரும் பார்க்கவில்லை. ஆன்லைன் ஆப் கதை தனி. போனில் உள்ள காண்டாக்ட் முழுவதையும் உருவிக்கொண்டு, போட்டோவை அசிங்கமாக மாற்றி எல்லாருக்கும் அனுப்புகிற கும்பல் அது. அதற்கு விதி கிதி பேசிப் பயனில்லை, நேராக 1930க்குப் போன் போட்டு சைபர் கிரைமில் சொல்லிவிட வேண்டும்.

அடிக்கடி வரும் இன்னொரு மிரட்டல், "வாரண்ட் ரெடியாயிருச்சு, ஸ்டேஷன்லேர்ந்து வருவாங்க." அட்வகேட் பேசுகிறேன் என்றுதான் ஆரம்பிப்பான். தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம், அதற்காகப் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போக முடியாது. செக் திரும்பினாலோ, அக்கவுண்டில் பணமில்லாமல் ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆனாலோ வழக்குப் போட அவர்களுக்கு வழி உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. அதற்கு முதலில் எழுத்தில் நோட்டீஸ் வர வேண்டும், கோர்ட்டுக்குப் போக வேண்டும், நம் பக்கத்தையும் சொல்ல வாய்ப்புண்டு. போனில் ஒருத்தன் வாரண்ட் என்று சொன்னதைக் கேட்டு எங்கள் வீட்டில் அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. ஆபரேஷன் ஆன மனுஷன்.

அதனால் இப்போது ஒவ்வொரு போனையும் நானும் ரெக்கார்ட் பண்ணுகிறேன். தேதி, நேரம், நம்பர் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கிறது. கடன் கொடுத்த இடத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து நம்பர் வாங்கிவிட்டேன். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ இந்த மாதிரிப் புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், விவரம் கேட்க 14448 இருக்கிறது. வேலைக்குப் போய்க்கொண்டே இதையெல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025 ஏப்ரலில் சட்டசபையில் ஒரு மசோதாவே நிறைவேறியது. ஆனால் இந்த மாதிரிப் போன் வந்தது என்று ஸ்டேஷனில் போய் நின்றால், "கடனைக் கட்டிட வேண்டியதுதானேப்பா" என்கிறார்கள்.

என் நம்பர் உங்களிடம் இருக்கிறது. 8 மணிக்கு மேல், 7 மணிக்குள் கூப்பிடுங்கள், எடுக்கிறேன். மரியாதையாகப் பேசினால் இந்த வாரம் எவ்வளவு முடியும் என்று நானே சொல்கிறேன். ஆர்டர் திரும்ப வந்தால் நீங்கள் கேட்காமலே கூடுதலாகக் கட்டுவேன். ஆனால் என் தங்கச்சி நம்பரை இன்றைக்கே உங்கள் லிஸ்டிலிருந்து எடுங்கள். எடுத்தாயிற்று என்று எழுத்தில் கொடுங்கள்.