பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் என் மேசைப் பக்கம் வந்து நின்றான். சொந்த ஊரை விட்டு முதல் முறையாக வெளியே வந்திருப்பவன். கேட்க வந்தது ஏதோ வேலை விஷயம். கேட்டு முடித்த பிறகும் நகரவில்லை. "அண்ணா, இங்கே வந்ததிலிருந்து இரவில் தூக்கமே சரியாக வருவதில்லை" என்றான். "பழகிவிடும் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. 11 ஆண்டுகளுக்கு முன்பு வேலைக்காக நான் இடம் மாறி வந்தபோது எல்லோரும் என்னிடம் சொன்ன அதே சொல். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆறுதல் மாதிரித்தான் இருக்கும். ஆனால் 'இதைப் பற்றி மேற்கொண்டு பேசாதே' என்பதுதான் அதன் உட்பொருள். இப்போது அந்தக் கதவை நானே ஒருவன் முகத்தில் சாத்தியிருக்கிறேன்.

உடம்பைப் பொறுத்தவரை அந்தச் சொல் உண்மைதான். குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்துக்குப் போகிறவரின் உடல் ஒன்றிரண்டு வாரங்களில் பாடம் கற்றுக்கொள்கிறது. வியர்வை முன்னைவிடச் சீக்கிரம் சுரக்கிறது, அதில் வெளியேறும் உப்பு குறைகிறது. நேர வித்தியாசம் உள்ள நாட்டுக்குப் போனால் உடலின் கடிகாரம் ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் நகர்ந்து புதிய சூரியனோடு சேர்ந்துகொள்கிறது. தூக்கத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. அறிமுகமில்லாத இடத்தில் முதல் இரவு படுக்கும்போது மூளையின் இடது பாதி, வலது பாதியைப் போல ஆழ்ந்து உறங்காமல் காவலாளி மாதிரி விழித்திருக்கிறது என்று அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டறிந்தார்கள். மறுமுறை அதே இடத்தில் படுத்தபோது அந்த வேறுபாடு இல்லை. காவலாளிக்கு அவ்வளவு சீக்கிரம் நம்பிக்கை வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பையன் வந்து இரண்டு மாதமாகிறது. அவனைத் தூங்கவிடாதது அந்தக் காவலாளி அல்ல.

என்னைத் தூங்கவிடாதது எது என்று அப்போது எனக்கே தெரியவில்லை. வீட்டை நினைத்து அழுதேனா என்றால், இல்லை. வேறொன்று நடந்தது. ஊரில் நான் கொஞ்சம் கிண்டல்காரன். நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராகும் நாலு பேர் இருந்தார்கள். புதிய இடத்தில், அரைகுறையாகத் தெரிந்த மொழியில், ஒரு கேலியை மனதுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு இரண்டு தெரு தாண்டிப் போயிருக்கும். ஆகவே சும்மா இருந்தேன். மூன்றே மாதத்தில் எனக்கு 'அமைதியானவர், அதிகம் பேசமாட்டார்' என்று பெயர் வந்துவிட்டது. ஒருவர் அதைப் பாராட்டாகவே சொன்னார். அன்றைக்கு ஏற்பட்ட துக்கத்தை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது. செத்துப்போன ஒருவனைப் பற்றி யாரோ தப்பாக இரங்கல் குறிப்பு எழுதிவிட்டதைப் போல இருந்தது.

நாம் ஊர் என்று சொல்வது தெருவையும் மரத்தையும் மட்டுமல்ல. நம்மைப் பற்றிய விளக்கம் தேவைப்படாத மனிதர்கள் இருக்கும் இடம் அது. நீ ஏன் கோபப்பட்டாய், ஏன் பேசாமல் இருக்கிறாய் என்று அங்கே யாருக்கும் முன்கதை சொல்ல வேண்டியதில்லை. வெளியே வந்தவன் ஒவ்வொரு நாளும் தன்னை முதல் பக்கத்திலிருந்து வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தக் களைப்புக்கு மருந்துக் கடையில் எதுவும் கிடையாது.

மானிடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் 1954இல் ரியோ டி ஜெனீரோவில் ஆற்றிய உரை ஒன்றில் புதிய நாட்டுக்குப் போகிறவர்களுக்கு வரும் அறிகுறிகளை அடுக்கியிருக்கிறார். அடிக்கடி கை கழுவுவது, சின்னத் தாமதத்துக்கும் வெடிக்கும் கோபம், ஏமாற்றிவிடுவார்களோ என்ற ஓயாத பயம், எங்கோ வெறிக்கும் பார்வை. பல ஆண்டுகள் கழித்து இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன். வரிசையில் ஐந்து நிமிடம் கூடுதலாக நிற்க வைத்ததற்காக ஒரு கவுண்டரில் நான் போட்ட சண்டை நினைவுக்கு வந்தது. பாவம் அந்த ஊழியர். நான் சண்டை போட்டது அவரோடு அல்ல என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இன்னொன்றையும் யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கலாம். முதல் மாதம் அல்ல கொடுமையானது. நார்வேயைச் சேர்ந்த சமூகவியலாளர் ஸ்வெர்ரெ லிஸ்கோர் 1955இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவுக்குப் படிக்கவும் ஆய்வு செய்யவும் போன 200 நார்வேக்காரர்களிடம் கேட்டு எழுதியது. ஆறு மாதத்துக்குள் திரும்பியவர்களும் 18 மாதங்களுக்கு மேல் இருந்தவர்களும் ஓரளவு நன்றாகவே இருந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள்தான் சிரமப்பட்டார்கள். எல்லோருக்கும் இந்த ஏற்ற இறக்கம் இப்படியேதான் இருக்கும் என்பதில்லை, பின்னால் வந்தவர்கள் இதை நிறையக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். எனக்கு அது அப்படியே பொருந்தியது. எட்டாவது மாதம்தான் அடிவாரம். விருந்தாளி என்ற சலுகை தீர்ந்துபோயிருக்கும், உள்ளூர்க்காரன் என்ற உரிமை வந்திருக்காது. 'இன்னுமா உனக்குப் பழகவில்லை?' என்று மற்றவர்கள் கேட்கத் தொடங்குவதும் சரியாக அப்போதுதான்.

இந்த ஏக்கத்துக்கு ஒரு காலத்தில் மருத்துவர்கள் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோஹன்னஸ் ஹோஃபர் என்ற 19 வயது மருத்துவ மாணவர் ஓர் ஆய்வேடு சமர்ப்பித்தார். வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டவைத்து 'நாஸ்டால்ஜியா' என்று பெயரிட்டார். இன்று பழைய நாட்களைப் பற்றிய இனிய நினைவு என்ற பொருளில் நாம் சர்வசாதாரணமாகப் புழங்கும் அந்தச் சொல், பிறக்கும்போது ஆளைக் கொல்லக்கூடிய நோயின் பெயர். அந்நியப் படைகளில் கூலிக்குப் போரிட்ட சுவிஸ் வீரர்களை அது அதிகம் பிடித்ததாகப் பேசப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷாய்க்ட்சர் என்ற அறிஞர் இதற்குக் காற்றழுத்தம்தான் காரணம் என்றார். மலைக்காரர்கள் சமவெளிக்கு இறங்கியதும் கனத்த காற்று அவர்கள் உடலை நெருக்குகிறதாம். மேட்டிலோ உயரமான கோபுரத்திலோ ஏற்றிவைத்தால் குணமாகுமாம்! சிரிக்கலாம். ஆனால் அந்தக் காலத்து மனிதர் 'பழகிவிடும்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் காரணம் தேடியிருக்கிறாரே, அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

ஹோஃபரின் ஆய்வேட்டில் ஒரு மாணவனின் கதை வருகிறது. பேர்ன் நகரிலிருந்து பாசெலுக்கு வந்தவன். காய்ச்சலும் படபடப்புமாகப் படுத்தவன் எழவில்லை. பிழைக்கமாட்டான் என்று நினைத்தார்கள். கடைசி முயற்சியாக ஊருக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். பாசெலைத் தாண்டிச் சிறிது தூரம் போவதற்குள்ளாகவே தெளிவு வந்துவிட்டது. பேர்னுக்குள் நுழையும் முன்பே முழுவதும் தேறிவிட்டான். ஊரின் காற்று அவன்மேல் படவே இல்லை, வீட்டார் முகத்தை அவன் பார்க்கவே இல்லை. போகிறோம் என்று தெரிந்ததே போதுமாக இருந்திருக்கிறது. இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொலைபேசி வந்த பிறகு தூரமே இல்லை என்கிறார்கள். நான் நம்பவில்லை. நானும் அம்மாவும் வாரத்துக்கு நான்கு நாள் பேசுகிறோம். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பொய் சொல்கிறோம். "எனக்கென்ன, நன்றாக இருக்கிறேன்" என்பேன். "இங்கே எல்லோரும் சௌக்கியம், நீ கவலைப்படாதே" என்பார். அவர் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்த விஷயம் கட்டை அவிழ்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வீடியோவில் பேசிய நாட்களில் கேமராவை முகத்துக்கு மட்டும் காட்டியிருக்கிறார். கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. என் வேலை போக இருந்த இரண்டு மாதத்தைப் பற்றி அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஒரு நாள் மாலை, இங்கே வெகுகாலம் கழித்து மழை. ஜன்னலைத் திறந்தேன். ஊர் மண்ணின் அதே வாசனை. கையிலிருந்த வேலை அப்படியே நின்றுவிட்டது. அந்த வாசனைக்குப் பெரும் காரணம் மண்ணில் வாழும் ஒருவகை பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஜியோஸ்மின் என்ற வேதிப்பொருள். அது உலகின் பெரும்பாலான மண்ணில் இருக்கிறது. மற்றப் புலன்களின் செய்தி மூளையின் இடைநிலையம் ஒன்றின் வழியாகச் சுற்றிப் போக, வாசனை மட்டும் உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்குக் குறுக்கு வழியில் போய்விடுகிறது. இதெல்லாம் தெரிந்தும், இத்தனை நாள் எனக்கென்று பொத்தி வைத்திருந்த மண்வாசனை எல்லா ஊருக்கும் பொதுச்சொத்து என்று அறிந்தபோது, சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், கொஞ்சம் கோபம்தான் வந்தது.

திரும்பிப் போனால் சரியாகிவிடுமா? சுவிஸ் வீரர்கள் ஊர் திரும்பியதும் ஏமாந்து போகிறார்கள், அவர்கள் தேடியது ஊரை அல்ல, அங்கே விட்டுவந்த இளமையை என்ற பொருள்பட 1798இல் ஜெர்மன் தத்துவஞானி கான்ட் எழுதினார். வாழ்நாள் முழுவதும் தான் பிறந்த கோனிக்ஸ்பெர்க் நகரை விட்டு வெகுதூரம் போகாத மனிதருக்கு இது எப்படித் தெரிந்தது என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். ஆனால் அவர் சொன்னதில் பாதியைத்தான் ஏற்பேன். போன முறை வீட்டில் நள்ளிரவில் எழுந்தபோது சுவிட்சைத் தேடி என் கை தப்பான பக்கச் சுவரைத் தடவியது. இங்கே நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில் சுவிட்ச் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. பிறந்து வளர்ந்த வீட்டின் இருட்டு எனக்கு மறந்திருந்தது. அது வலித்தது உண்மை. ஆனாலும் காலையில் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் 11 ஆண்டுகளாக நான் சொல்லாமல் விட்ட எல்லா முன்கதைகளும் அடங்கியிருந்தன. அது இளமை அல்ல.

'அவர்களோடு கலந்து பழகு, ஊர்க்காரர்களையே தேடிப் போகாதே' என்று உபதேசிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் கலந்தேன். இங்கத்திய நண்பர்கள் இருக்கிறார்கள், இந்த மொழியில் இப்போது கேலிகூட வருகிறது, அதற்குச் சிரிக்கவும் செய்கிறார்கள். ஏக்கம் மட்டும் ஒரு பிடி குறையவில்லை. ஒன்று நிறைந்தால் மற்றது வடியும் என்று யார் சொன்னது?

அந்தப் பையன் போன வாரத்துக்குப் பிறகு என் மேசைப் பக்கம் வரவில்லை. நாளை நானே அவன் இடத்துக்குப் போகப் போகிறேன். ஊருக்கு எந்தத் தேதியில் டிக்கெட் போட்டிருக்கிறாய் என்று கேட்க வேண்டும். இன்னும் போடவில்லை என்றால், விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்து உதவுவதாக இருக்கிறேன்.