நேர்கோட்டுக்கு ஷாக்கா?

எந்த மருத்துவமனைத் தொடரைப் போட்டாலும் இதே கூத்துதான். மானிட்டரில் கோடு நேராகும், 'பீ...' என்று சத்தம், உடனே டாக்டர் ஷாக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார். அய்யா, நேர்கோட்டுக்கு ஷாக் கிடையாது! இதயம் தாறுமாறாகத் துடிக்கும்போது அந்தக் குழப்பத்தை நிறுத்தத்தான் அந்தக் கருவி. மின் துடிப்பே இல்லாத இதயத்தில் நிறுத்த என்ன இருக்கிறது? அங்கே தேவை நெஞ்சழுத்தம், அதாவது நெஞ்சின் நடுவில் கைகளால் விடாமல் அழுத்துவது: நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 செ.மீ. ஆழம். கூடவே 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை 1 மி.கி. அட்ரினலின் என்ற ஊசி மருந்து. நம் ஹீரோவோ முழங்கையை மடக்கி, தலையணையைத் தட்டுவதுபோல நாலு தட்டு தட்டுவார். (நடிகரின் விலா எலும்பு உடையக்கூடாதே, அதை விட்டுவிடலாம்.) ஒரே ஷாக்கில் நோயாளி எழுந்து வில்லன் பெயரைச் சொல்வதைத்தான் தாங்க முடியவில்லை. லிப்ஸ்டிக்கூடக் கலையாமல்!