ஃப்ளெக்ஸில் துப்பாக்கி பிடித்திருப்பவர் என் மாமனார் இல்லை

மாமா இறந்த அன்று மதியமே ஊர் முக்கில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. பின்னால் தேசியக்கொடி, ஒரு டாங்கி, இரண்டு போர் விமானங்கள். நடுவில் மாமா, கையில் சினிமாவில் வருகிற மாதிரி பெரிய துப்பாக்கி. உடம்பு யாருடையதோ, முகம் மட்டும் அவருடையது. அதுவும் என் மகள் காதுகுத்துக்கு எடுத்த போட்டோவில் இருந்து வெட்டி ஒட்டியது. உற்றுப் பார்த்தால் நெற்றியில் சந்தனம் தெரியும்.

பையன்கள் பாசத்தில்தான் செய்தார்கள். கொட்டுகிற கார்த்திகை மழையில் ராமநாதபுரம் போய் அடித்துக்கொண்டு வந்தார்கள். கோபப்பட எனக்கு உரிமை இல்லை. ஆனால் இருபது வருஷமாக அவருக்கு மருமகளாக அதே வீட்டில் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன். மாமா துப்பாக்கியோடு நிற்கிற படம் எங்கள் வீட்டில் ஒன்றுகூடக் கிடையாது. பட்டாளத்துப் படம் என்று இருப்பதே மூன்றுதான். ஒன்று சேர்ந்த புதிதில் எடுத்தது, காது ரெண்டும் முகத்தைவிடப் பெரிசாக. இன்னொன்றில் ஆறு பேர் ஒரு இரும்புச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார்கள், அதில் மூன்றாவது ஆள் மாமா. கடைசிப் படத்தில் தரையில் உட்கார்ந்து சப்பாத்தி தேய்க்கிறார்.

அவர் சாப்பர், பட்டாளத்தின் என்ஜினியர் பிரிவு ஆள். பெங்களூர் அல்சூரில் இருக்கிற மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் 1969இல் சேர்ந்து, 24 வருஷம் முடித்து 1993இல் ஹவில்தாராக வந்தவர். பாலம் போடுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பது, படைக்குக் குடிதண்ணீர் ஏற்பாடு செய்வது, இதெல்லாம் சாப்பர் வேலை. அந்தப் படத்தில் இருக்கிற இரும்புச் சட்டம், துண்டு துண்டாகக் கொண்டுபோய்ப் பூட்டுகிற பெய்லி பாலத்தின் பேனல். பத்தடி நீளம், ஏறக்குறைய 260 கிலோ, தூக்குவதற்கு ஆறு பேர் என்று கணக்கு. அந்தக் கணக்கை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பீரோ நகர்த்தினாலும் சரி, கல்யாண வீட்டில் அண்டா இறக்கினாலும் சரி, “இது எத்தனை ஆள் வேலை?” என்று முதலில் கேட்பார். அத்தை குடத்தைத் தூக்கினால் “இது ரெண்டு ஆள் வேலை” என்று பக்கத்தில் போய் நிற்பார். (அது ஒரு ஆள் வேலைதான். அத்தைக்கும் தெரியும்.)

சண்டை பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். 1971 டிசம்பரில் மேற்கு எல்லையில், பசந்தர் ஆற்றுப் பக்கம். டாங்கி போவதற்கு முன்னால் கண்ணிவெடி புதைத்த வயலுக்குள் இறங்கிப் பாதை எடுத்துக் கொடுத்தது சாப்பர்கள்தான். அதைப் பற்றி அவர் சொன்னது ஒன்றே ஒன்று: “குளிரு தாயி, விரலு மரத்துப்போச்சுன்னா மண்ணுக்குள்ள இரும்பு தட்டுப்படுறது தெரியாது.” அவ்வளவுதான். மற்றதெல்லாம் பையன்கள் யூடியூபில் பார்த்துக்கொண்டது.

இனி அத்தை கணக்கு. கல்யாணம் 1975இல். அப்போது வருஷத்துக்கு அறுபது நாள் லீவு. 1993 வரைக்கும் பதினெட்டு வருஷம், பதினெட்டு ரெண்டு மாசம். “கூட்டிப் பாரு, மூணு வருசம்தான் இந்த மனுசன் கூட இருந்திருக்கேன். பதினஞ்சு வருசம் பாக்கி” என்பார் அத்தை. அந்த அறுபது நாளிலும் ரெண்டு பக்கமும் ரயில் பயணத்துக்குக் கொஞ்சம் போய்விடும். டெல்லியில் இருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸ், எழும்பூரில் மீட்டர்கேஜ் மாறி உச்சிப்புளியில் ட்ரங்குப் பெட்டியோடு இறங்கும்போது மூஞ்சியெல்லாம் கரிப்புகை.

மாமா அந்தப் பாக்கியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. 2006இல் எங்கள் கல்யாணம் சிவகங்கையில், என் பிறந்த ஊரில். மாப்பிள்ளையின் அப்பா சாப்பிட்டு முடித்ததும் அத்தையைக் கூட்டிக்கொண்டு கடைசி பஸ்ஸில் கிளம்பிவிட்டார். என் வீட்டில் எல்லோருக்கும் முகம் சுருங்கிவிட்டது. பெரிய பட்டாளத்துக் கௌரவம் என்று என் சித்தப்பா இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார். விஷயம் என்னவென்றால், 93இல் இருந்து அவர் ஒரு ராத்திரிகூட வெளியூரில் தங்கியதில்லை. ரிட்டயர் ஆனவர்களில் நிறையப் பேர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வங்கி வாசலில் காவலுக்குப் போனார்கள். இவருக்கும் வந்தது. நைட் ஷிப்ட் என்றதும் வேண்டாம் என்றுவிட்டார். ஆடு, கொஞ்சம் குண்டு மிளகாய், பென்ஷன். அதிலேயே மகளைக் கட்டிக்கொடுத்தார், மகனைப் படிக்க வைத்தார். 2008இல் அத்தையே சிரித்துக்கொண்டு “பாக்கி தீந்துபோச்சு, எங்கிட்டாச்சும் போயிட்டு வாங்க” என்றார். போனார். அல்சூர் ஏரியைக் காட்டுகிறேன் என்று அத்தையையும் கூட்டிக்கொண்டு போனார்.

பட்டாளத்துக்காரர் என்றாலே நாட்டுக்காகக் குடும்பத்தை விட்டவர் என்று மேடையில் ஒரு வசனம் பேசுவார்கள். எனக்கு அந்த வசனம் ஆகாது. மாமா யாரையும் விட்டுப் போகவில்லை. கடன் வைத்துவிட்டுப் போனார், வந்து அடைத்தார். அந்தக் காலத்தில் வட்டி கட்டியது அத்தை.

அந்தக் கடிதக் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அத்தைக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். 56 ஏ.பி.ஓ. என்ற பட்டாளத்துத் தபால் முத்திரையோடு வருகிற இன்லேண்டு லெட்டரைப் போஸ்ட்மேன்தான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார், தெருவே கேட்கும். புதுசாகக் கல்யாணமானவன் பெண்டாட்டிக்கு என்ன எழுதுவான், எழுதினால் ஊர் சிரிக்காதா? அதனால் மாமா ஆட்டை விசாரிப்பார். “கறுப்பாடு எப்படி இருக்கிறது? ராத்திரி தூங்குகிறதா? நான் வருகிற வரைக்கும் அதை யாரும் திட்ட வேண்டாம்.” அத்தை கறுப்பு. வீட்டில் அப்போது ஆடே கிடையாது. ரெண்டு வருஷம் படித்துக் காட்டிய போஸ்ட்மேன் ஒருநாள் கேட்டேவிட்டாராம், “ஏத்தா, அந்த ஆட்டை எங்க கட்டிருக்க?” அந்த வாரமே அத்தை பக்கத்து வீட்டு ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிவிட்டார்.

1988இல் அவரை இந்திய அமைதிப்படையோடு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வெளிநாடே இல்லை. தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் ராமநாதபுரம் டவுனைவிடத் தலைமன்னார் கிட்ட. 83க்குப் பிறகு படகில் வந்து இறங்கியவர்கள் மண்டபம் முகாமில் இருந்தார்கள். அத்தை அங்கே மிளகாய் வற்றல் விற்கப் போவார், நல்ல பழக்கம். ஒரு அக்கா கேட்டிருக்கிறார், “உங்கட மனுசன் எங்க நிக்கிறார்?” அத்தை “பஞ்சாப்ல” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அதற்கப்புறம் முகாம் பக்கம் போகவே இல்லை. அத்தை வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

மாமாவுக்கு அங்கே ரோட்டில் புதைத்த வெடி எடுக்கிற வேலை. மதராஸ் சாப்பர்களைப் பட்டாளம் முழுக்க ‘தம்பி’ என்றுதான் கூப்பிடும். ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டபோது ஒரு கிழவி செம்பை நீட்டிவிட்டு, “எந்த ஊர் தம்பி?” என்று கேட்டிருக்கிறது. ராமநாதபுரம் என்றிருக்கிறார். கிழவி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் மோனை வந்தனீ?” என்றதாம். இதை என்னிடம் ஒரே ஒரு தடவை, கரண்ட் போன ராத்திரியில் சொன்னார். பதில் என்ன சொன்னீர்கள் மாமா என்று கேட்டேன். “செம்பைக் குடுத்துட்டு வந்துட்டேன் தாயி.”

அமைதிப்படையில் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பவில்லை. 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது வரவேற்புக்கு முதலமைச்சர் போகவில்லை. அதில் இருக்கிற நியாயம் இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது, அதை இங்கே கிளற விரும்பவில்லை. என் கேள்வி எங்கள் ஊர்ப் பையன்களுக்கு மட்டும். அந்த ஃப்ளெக்ஸில் இருக்கிற துப்பாக்கிக்காரரிடம் அந்தக் கிழவி செம்பை நீட்டியிருக்குமா?

சரி, மாமா வெட்டிய கிணற்றுக்கு வருகிறேன். ரிட்டயர் ஆகி வந்ததும் அவர் வீட்டுக்குச் செய்த முதல் காரியம் அதுதான். ஊரே போர்வெல் போட்டுக்கொண்டிருந்த காலம். நூறடி, இருநூறடி இறக்கி உப்பைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். மாமா பதினோரு அடியில் நிறுத்தி உறை இறக்கினார். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கிற கடல் தண்ணீருக்கு மேல் மெல்லிசாக மிதக்கிறது, நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம், ஆழம் போனாலும் வேகமாக இறைத்தாலும் உப்பு மேலே ஏறிவிடும் என்று ஒரு தட்டில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் காட்டுவார். தனுஷ்கோடி மீனவர்கள் கடற்கரையில் கையால் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கிறார்களே, அதே கணக்குதான். இதுவரைக்கும் அந்தக் கிணற்றில் மோட்டார் கிடையாது, கயிறும் வாளியும்தான். எனக்கு ஆரம்பத்தில் பயங்கர எரிச்சல். இன்றைக்குப் பக்கத்து ஐந்து வீடுகளில் கேன் தண்ணீர் வாங்குகிறார்கள், நாங்கள் வாங்கவில்லை.

அவர் சாமர்த்தியத்தின் உச்சம், பென்ஷன் காகிதங்களை வைத்திருந்த நீல ஃபைல். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் அத்தை பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. அந்தக் காலத்து கிளார்க் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். இப்படி விட்டால், புருஷன் செத்த பிறகு பெண்டாட்டி அலைய வேண்டும். சம்பளக் கணக்கில் 30 சதவீதம் வருகிற குடும்ப ஓய்வூதியத்துக்காக மாதக்கணக்கில் பஸ் ஏறி இறங்குகிற கிழவிகளை எங்கள் பக்கம் நிறையப் பார்க்கலாம். “இந்தக் கண்ணிவெடியை எடுத்துட்டுத்தான் சாவேன்” என்று ரெண்டு வருஷம் அலைந்தார். ஒரு அலுவலகத்தில் மூன்று தடவை காகிதத்தைத் தொலைத்தார்கள், மூன்று தடவையும் நகல் கொடுத்தார். முடித்தார். அதோடு நிற்காமல் ஒவ்வொரு நவம்பரிலும் சுற்றுப்பட்டுப் பட்டாளத்து விதவைகளை டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு போய் லைஃப் சர்டிபிகேட்டுக்குக் கைரேகை வைக்க வைப்பார். உங்கள் வீட்டில் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிறவர் இருந்தால் இன்றைக்கே பி.பி.ஓ. என்கிற பென்ஷன் உத்தரவையும் ஆதாரையும் பக்கத்தில் வைத்து அம்மா பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிற காசுக்கு இது தேவலை.

2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்த பிறகு கூட்டிப்போகச் சொல்லி, ரோட்டுப் பாலத்தில் நின்று ஒரு மணி நேரம் பார்த்தார். பழைய பாலத்தை ஆட்கள் நெம்பித் தூக்கினார்கள், இது லிஃப்ட் மாதிரி நேராக ஏறுகிறது. “ஆளே வேணாமாமே” என்றார், கொஞ்சம் வருத்தமாக. நவம்பரில் கைரேகை வைத்து, உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினாறாம் நாள் காலையில் எழுந்திருக்கவில்லை.

கொடி போர்த்த வேண்டும் என்று சிலர் நின்றார்கள். பக்கத்து ஊரில் இருந்து வந்த மாமாவின் கூட்டாளி, அவரும் சாப்பர், கூடாது என்றார். அரசு மரியாதை, படை மரியாதை இல்லாத சாவுக்குத் தேசியக்கொடி போர்த்தச் சட்டத்தில் இடமில்லை. அத்தை பீரோவைத் திறந்து பழைய பட்டாளத்துக் கம்பளியை எடுத்துக் கொடுத்தார். அதற்கு யாரும் சட்டம் பேசவில்லை. நீல ஃபைலுக்குள் அவர் கையெழுத்தில் ஒரு காகிதம் இருந்தது. யாருக்குப் போன் செய்வது, எந்த நகல் எத்தனை, கேஸ் புக் எங்கே என்று பதினாலு வரி. பதினஞ்சாவது வரி: கறுப்பாட்டை யாரும் திட்ட வேண்டாம்.

காரியம் முடிந்த மறுநாள் மழை வலுத்தது. ஆட்டுக்கொட்டில் கூரை ஒழுகியது. அத்தை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வரச் சொன்னார். பையன்கள் வருத்தப்படுவார்களே என்றேன். அத்தை கேட்கவில்லை. கொட்டிலுக்கு மேலே இழுத்துக் கட்டும்போது மட்டும் கீழே நின்று ஒன்று சொன்னார்.

“மூஞ்சி உள்பக்கம் வரட்டும்ப்பா. நனையப்போறாரு.”